சிக்னல் இல்லாத அறை

அத்தியாயம் ஐந்து

கதவு சாத்தியது காதில் விழவில்லை. வெளிச்சம் போனதுதான் தெரிந்தது.

உத்தமன் திரும்பினான். கண்ணைத் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றாக இருந்தது.

"பாஸ், கதவை நீங்க சாத்தினீங்களா?" என்றாள் நிக்கோல்.

"இல்ல."

"நானும் சாத்தல. அப்ப கதவுக்கே நம்மளப் பிடிக்கல."

அவள் குரல் வாயை விட்டு வந்ததும் செத்து விழுந்தது. ஒரு அடி தள்ளி நிற்கிறாளா, ஒரு மைல் தள்ளி நிற்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. ஆனேக்கல் சாலையில் இருந்த அந்த நிறுவனத்தின் சோதனை அறை அது. சேம்பர் என்பார்கள். வெளியே இரும்புப் பெட்டி. உள்ளே சுவர், கூரை, தரை எங்கும் முழ நீளத்துக்குக் கறுப்பு நுரைக் கூம்புகள். வெளியே அலையும் ரேடியோ அலை உள்ளே வரக்கூடாது, உள்ளே கிளம்பும் அலை எதிலும் பட்டுத் திரும்பக்கூடாது. அதற்காகக் கட்டியது. மனிதக் குரலுக்கும் அங்கே அதே மரியாதைதான்.

உத்தமன் நடைபலகையைக் காலால் தடவிக்கொண்டு கதவருகே போனான். உள்பக்கம் ஒரு கைப்பிடி உண்டு. யாராவது மாட்டிக்கொண்டால் திறப்பதற்காகவே வைத்தது. அதைப் பிடித்துச் சுழற்றினான். கொஞ்சம் திரும்பி, எதிலோ இடித்து நின்றது.

"ஜாம் ஆயிடுச்சா?"

"ஜாம் ஆனா கனமாத் திரும்பும். இது லேசாத் திரும்பி இடிக்குது. வெளிய கம்பி மாதிரி எதையோ சொருகியிருக்காங்க."

"ஆக, யாரோ."

"யாரோ."

கதவை உதைத்தான். கால்தான் வலித்தது. நிக்கோல் இரண்டு கையாலும் தட்டிப் பார்த்தாள். ஈர மணலைத் தட்டுவது போலிருந்தது.

"காத்து போதுமா பாஸ்?"

"பெரிய ரூம். நாளைக்கு வரைக்கும் தாங்கும்."

"நாளைக்கு மம்மிய கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

அவள் பேச்சை நிறுத்தியதும் உத்தமனுக்குத் தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். உடனே மறுபடி வாயைத் திறந்தாள். "இந்த அமைதிய எப்படித் தாங்கறீங்க?"

வீட்டிலும் இப்படித்தான் இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. "மணி என்ன?" என்றான்.

"இந்த இருட்டுல வாட்ச்ச மோந்துதான் பார்க்கணும். உள்ள வரும்போது மூணு தாண்டியிருந்துச்சு."

நாலு மணிக்கு அன்னா கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

அன்னா இந்த நிறுவனத்தின் இன்ஜினியர், காக்ஸ் டவுன்காரி. அவள் அம்மா கேத்தரினும் நிக்கோலின் அம்மாவும் ஒரே சர்ச்சில் ஒரே பாட்டுக் குழு. கேஸ் ஒக்கலிபுரத்தில் இருக்கும் உத்தமனின் துப்பறியும் ஆபீசுக்கு வந்தது அந்த வழியாகத்தான். தொழிற்சாலைகளில் வாயு கசிந்தால் எச்சரிக்க ஒரு பேட்ஜ் செய்திருந்தார்கள். தொழிலாளி அதை மார்பில் குத்திக்கொள்வான். ஆபத்து என்றால் அது கன்ட்ரோல் ரூமுக்கு ரேடியோவில் சேதி சொல்லும். பாய்லரும் குழாயும் இரும்புத் தூணுமாக அடைந்து கிடக்கும் இடத்தில் அந்தச் சேதி எப்படிப் போய்ச் சேரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டது அன்னா. ஒரு பக்கம் மட்டும் பேட்ஜ் ஊமையாகிவிடுகிறது என்றது அவள் கணக்கு. அந்தப் பக்கத்துக்குப் பள்ளம் என்று பெயர் வைத்தாள். இதே சேம்பரில் பேட்ஜை வைத்து அளந்து பார்த்தார்கள். பள்ளமே இல்லை என்றது அளவு. நிறுவனம் அளவை நம்பியது. குறுக்கு வழியில் கணக்குப் போட்டு, தெரிந்தே தப்பான முடிவைக் கொடுத்தேன் என்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட வேண்டும். பேட்ஜ் விற்பனைக்குப் போகும்.

அந்தக் குறுக்கு வழி என்ன என்று காலையில் அவள் வீட்டில் காபி குடிக்கும்போது உத்தமன் கேட்டிருந்தான்.

"ஒரு ஃபாக்டரிக்குள்ள ஆயிரக்கணக்கான இரும்புச் சாமான் சார். அலை ஒண்ணுல பட்டு இன்னொண்ணுக்குப் போகும். ஒவ்வொண்ணுக்கும் மத்த எல்லாத்துக்கும் நடுவுல கணக்குப் போட்டா கம்ப்யூட்டர் மாசக் கணக்குல ஓடும்," என்றாள் அன்னா. "அதனால தூரத்துல இருக்கறதையெல்லாம் ஒரு கும்பலாக் கட்டி ஒண்ணுன்னு எடுத்துக்குவேன். பக்கத்துல இருக்கறத மட்டும் ஒண்ணொண்ணா. சர்ச்ல பின் வரிசை பாடறது ஒரே குரலாத்தானே கேக்குது. பக்கத்துல நிக்கற ஆன்ட்டி சுருதி தப்பினா அது மட்டும் தனியாக் கேக்கும்."

"அந்த ஆன்ட்டி எங்க மம்மி," என்று நிக்கோல் ஒப்புக்கொண்டாள்.

அன்னா சிரிக்கவில்லை. "இதுல தப்பு எவ்வளவு வரும்னு முன்னாடியே தெரியும் சார். ஒரு பள்ளத்தையே காணாமப் பண்ற அளவுக்கு வராது. ஆனா நிரூபிக்க எனக்கு வேற ரூம் இல்ல."

இருட்டில் ஜிப் இழுபடும் சத்தம் வந்தது. நிக்கோல் தன் பையைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"என்ன தேடற?"

"பிஸ்கட். சாகறதுன்னா வெறும் வயித்துல சாகக் கூடாது." பை குடையும் சத்தம் நின்றது. "பாஸ். என்னைத் திட்ட மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்லு."

"மம்மியோட போன் இருக்கு. பட்டன் போன். சத்தம் கரகரங்குதுன்னு சிவாஜிநகர்ல ரிப்பேருக்குக் குடுக்கச் சொன்னாங்க. டிபன் பாக்ஸ் அடியில கிடந்துச்சு, மறந்தே போச்சு. வாசல்ல போனை வெச்சிட்டு வாங்கன்னப்ப என் போனை மட்டும் வெச்சேன்."

போனின் தலையில் இருந்த குட்டி டார்ச் எரிந்தது. சுற்றிலும் கூம்புகள் பற்களாக எழுந்து நின்றன. எரியாமல் இருந்ததே நன்றாக இருந்தது என்று உத்தமனுக்குத் தோன்றியது.

"டவர் சுத்தமா இல்ல," என்றாள் நிக்கோல். "இருக்கவும் இருக்காதே. அதுக்குத்தானே கட்டியிருக்காங்க."

உத்தமன் வாசலில் பார்த்த போன் பெட்டியை நினைத்துக்கொண்டிருந்தான். சுவரில் அறைந்த மரப்பெட்டி. 'போன்களை இங்கே வைக்கவும்' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது.

"நிக்கோல், டவரே எடுக்காத ரூமுக்குள்ள போன் கொண்டு போகாதேன்னு ஒருத்தன் ஏன் சொல்றான்?"

"ரூல்ஸா இருக்கும்."

"நாம வந்தப்ப உள்ள யார் இருந்தாங்க?"

"டைரக்டர் தேசிகன். உர்ருனு வெளிய வந்தாரே."

"கையில?"

அவள் யோசித்தாள். "போன். அதைப் பார்த்துக்கிட்டேதான் வந்தாரு."

"பெட்டிக்குள்ள?"

"ஒண்ணுமில்ல. நம்ம ரெண்டு போன்தான் முதல் போணி."

"வராண்டால பார்த்தியா? ஆயுத பூஜை முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்குமா? பிரின்ட்டர், காபி மெஷின், தீயணைக்கிற சிலிண்டர், எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சிருக்கான். செருப்பு ஸ்டாண்டுக்குக் கூட. போன் பெட்டிக்கு மட்டும் பொட்டு இல்ல."

"பூஜைக்கு அப்புறம் வந்த பெட்டி."

"நாம வரோம்னு தெரிஞ்சப்புறம் வந்த பெட்டி. டைரக்டருக்கே இல்லாத ரூல்ஸ் நமக்கு மட்டும். ஏன்னா இந்த ரூம்ல போன் எடுக்கும். அது ஒருத்தனுக்குத் தெரியும்."

நிக்கோல் போனைத் தலைக்கு மேல் தூக்கினாள், பக்கவாட்டில் நீட்டினாள். "இங்க எடுக்கலியே."

"கதவுக்குக் கொண்டு வா."

டார்ச்சைக் கதவு விளிம்பில் அடிக்கச் சொன்னான். கதவைச் சுற்றி நெடுக விரல் போன்ற செம்புத் தகடுகள் வரிசையாக இருந்தன. சாத்தும்போது அவை நிலையில் பதித்த பித்தளைப் பட்டையை அழுத்திப் பிடிக்கும். செம்பும் பித்தளையும் தொட்டுக்கொண்டால்தான் அது முழுப் பெட்டி. உத்தமன் பைக் சாவியை இடுக்கில் விட்டுப் பட்டையைச் சுரண்டினான். வெள்ளி நிறத்தில் ஒரு சுருள் உரிந்து வந்தது. உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் காட்டினான்.

"பெயின்ட்," என்றாள் நிக்கோல்.

"பூஜைக்குப் பளபளன்னு இருக்கணும்னு கதவு நிலை பூரா அடிச்சிருக்காங்க. பித்தளை மேலயும். கதவு மூடுது, ஆனா செம்பு பித்தளையைத் தொடல. நடுவுல பெயின்ட். மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு கீறல் திறந்து கிடக்கற மாதிரி."

"பெயின்ட் அளவு கீறல்ல என்ன பாஸ் வந்துடும்?"

அவன் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். படித்ததில் உருப்படியாக நினைவிருந்தது இது ஒன்றுதான். "அலைக்கு அகலம் முக்கியமில்ல, நீளம்தான். மயிரிழை போதும், ஆள் உயரத்துக்கு நீளமா இருந்தா நுழைஞ்சிடும். வெளிய இருக்கற சிக்னல் எல்லாம் உள்ள ஒழுகி, அளந்தவன் கருவியில போய் விழுந்திருக்கு. பேட்ஜ் ஊமையா நின்ன பக்கத்துலயும் ஏதோ கேட்டிருக்கு. பள்ளம் நிரம்பிப் போச்சு."

"அப்ப அன்னா கணக்கு சரி."

"கணக்கு சரி. ரூம்தான் தப்பு."

போனைக் கீறலோடு ஒட்டி மெல்ல இறக்கச் சொன்னான். நேராகப் பிடிக்காதே, படுக்கையாகப் பிடி என்றான். நிக்கோல் ஒரு காலை மடக்கி, கழுத்தைத் திருப்பி, கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பு உயரத்தில் திரையில் ஒரு கோடு முளைத்தது. அணைந்தது. மறுபடி முளைத்தது.

"அசையாத."

"அசைஞ்சா இடுப்பு போயிடும் பாஸ். நம்பர் சொல்லுங்க."

உத்தமன் வாயைத் திறந்தான், மூடினான். அன்னாவின் நம்பர் அவன் போனில் இருந்தது. அவன் போன் பெட்டியில் இருந்தது.

"உனக்கு?"

"எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது ஒரே நம்பர். மம்மியோடது. அதுலேர்ந்துதான் கூப்பிடப் போறோம்." கட்டை விரலால் பட்டன்களை அழுத்தினாள். "மம்மி யார் யாரை சேவ் பண்ணியிருக்காங்க பார்ப்போம். ஃபாதர். கேஸ்காரன். கேத்தரின் கொயர். இதோ, லாயிட் காக்ஸ் டவுன். நம்ம லாயிட்டுதான் பாஸ். கிறிஸ்மஸ் கேக் ஆர்டருக்கு நம்பர் வாங்கி வெச்சாங்க. இதே பில்டிங்ல இருக்கான், ஓடி வந்து திறந்துடுவான்."

லாயிட் அளவெடுக்கும் பிரிவு. அன்னாவின் நண்பன். காலையில் கேட்டுக்கே வந்து இவர்களை அழைத்துப் போனவன், மதியம் கேன்டீனில் சாப்பாடு வாங்கித் தந்தவன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவான். ஆயுத பூஜை தவறாமல் பூசணிக்காய் உடைப்பான். நிறுவனத்தின் பூஜைக் கமிட்டிக்கு வருஷா வருஷம் அவன்தான் தலைவன் என்று அவனே பெருமையாகச் சொல்லியிருந்தான்.

"கூப்பிடாத," என்றான் உத்தமன்.

"ஏன்?"

"அன்னா சொன்ன மாதிரி பண்ணிப் பாரு. இந்தக் கம்பெனில நூறு பேர் இருப்பாங்க. ஒவ்வொருத்தனையா சந்தேகப்பட்டா நாலு மணி ஆயிடும். தூரத்துல இருக்கறவன் எல்லாம் ஒரு கும்பல். தள்ளி வை. பக்கத்துல வந்தவன் யாரு?"

"கேட்ல செக்யூரிட்டி கிருஷ்ணப்பா. தேசிகன். லாயிட்."

"கிருஷ்ணப்பா கேட்டை விட்டு நகரல. தேசிகன் போனோட உள்ள போய் வரவரு. அவருக்கு இந்த ஒழுகல் தெரியாது, பெட்டியும் தெரியாது. போனை வெச்சிட்டு வாங்கன்னு நமக்குச் சொன்னது யாரு?"

நிக்கோலின் விரல் பட்டன் மேலேயே நின்றது.

"சந்தனம் வெச்சவன்தான் பெயின்ட்டும் அடிக்கச் சொல்லியிருக்கணும்," என்றான் உத்தமன்.

"ஐயோ பாவி," என்றாள் நிக்கோல் மெதுவாக. "எனக்கு எக்ஸ்ட்ரா கோஸம்பரி சாலட் வேற வாங்கிக் குடுத்தான்."

கேத்தரினுக்கு அடித்தாள். மூன்றாவது தடவையில்தான் போனது.

"சொல்லு லூர்து, இன்னிக்கு ப்ராக்டீஸ் உண்டா?"

"ஆன்ட்டி, நான் நிக்கோல் பேசறேன்."

"நிக்கோலா? ஏண்டி குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வருது? சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் ஆன்ட்டி. அன்னா எங்க?"

"மீட்டிங்ல. இப்பத்தான் பேசினா. கையெழுத்துப் போடப் போறேன்மா, எல்லாரும் சொல்றாங்க, நான்தான் எங்கியோ தப்புப் பண்ணியிருக்கேன் போலன்னு அழுவுறா. கேஸ், கோர்ட்டுன்னு போக வேணாம், போட்டுட்டு வீட்டுக்கு வாடின்னு நானும் சொல்லிட்டேன்."

உத்தமன் போனருகே குனிந்தான். "அம்மா, நான் உத்தமன். உடனே அவளைக் கூப்பிடுங்க. போடாதேன்னு சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் ஸ்பீக்கர்ல போட்டு இந்த நம்பருக்கு அடிக்கச் சொல்லுங்க."

"அவ கணக்கு சரிதானா தம்பி?"

"சரி."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. பிறகு லைன் அறுந்தது. அவள் வைத்தாளா, கோடு போனதா என்று தெரியவில்லை.

காத்திருந்தார்கள். நிக்கோலின் மடங்கிய கால் நடுங்கியது. உத்தமன் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தான். நகர்ந்தால் கோடு போய்விடும். அந்தப் பெரிய இரும்புப் பெட்டியில் அவர்களுக்கென்று இருந்தது உள்ளங்கை அகல இடம்.

போன் அடித்தது.

"சார்," என்றது அன்னாவின் குரல். அழுது முடித்த குரல். "ஸ்பீக்கர்ல இருக்கீங்க. டைரக்டர் இருக்காரு."

"எங்கேர்ந்து பேசறீங்க?" தேசிகன்.

"உங்க சேம்பர் உள்ளேர்ந்து சார்," என்றாள் நிக்கோல். "கதவை வெளியேர்ந்து பூட்டியிருக்காங்க."

"விளையாடாதீங்க. அங்க போன் எடுக்காது."

"எடுக்குது சார். அதான் கேஸே," என்றான் உத்தமன்.

மீட்டிங்கில் இருந்த லாயிட்டின் குரல் கேட்டது, பதற்றமே இல்லாமல். "சார், ரெண்டு பேரும் சேம்பரப் பார்த்ததுமே கிளம்பிட்டாங்க. வெளிய எங்கியோ டீக்கடைல நின்னு சும்மா பேசறாங்க. நான் போய் சேம்பரத் திறந்து காட்டறேன், வாங்க."

"நீ போ. நாங்க வர்றோம்," என்றார் தேசிகன். கோடு அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் கம்பி உருவப்படும் அதிர்வு கைப்பிடியில் வந்தது. கதவு திறந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. லாயிட் தனியாக நின்றான். ஓடி வந்திருந்தான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கம்பி கையிலேயே இருந்தது.

"ஸாரி சார், ஸாரி நிக்கோல். கதவு சில சமயம் இப்படித்தான். வாங்க, சீக்கிரம் வெளிய வாங்க."

நிக்கோல் ஒரு அடி வைத்துவிட்டாள். வராண்டாக் காற்று முகத்தில் பட்டது. உத்தமன் அவள் பை வாரைப் பிடித்து நிறுத்தினான்.

"தேசிகன் எங்க?"

"வந்துட்டிருக்காரு. லிஃப்ட்ல."

"அவர் வரும்போது சேம்பர் காலியா இருக்கணும். நாங்க வெளிய நிக்கணும். அப்பத்தான் நாங்க டீக்கடைலேர்ந்து பேசினோம்னு ஆகும்."

லாயிட் வராண்டாவைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் தளர்ந்தது. "பெயின்ட் அடிக்கச் சொன்னது நான்தான் சார். அழகா இருக்கட்டும்னு. பட்டை மேலயும் பட்டுடுச்சுன்னு தெரியவே தெரியாது. அளந்து ரிப்போர்ட் குடுத்தப்புறம்தான் பார்த்தேன். அதுக்குள்ள அவ கணக்குதான் தப்புன்னு மேல வரைக்கும் போயிடுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்." கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவ வேற வேலை தேடிக்குவா சார். அவளுக்கு மூளை இருக்கு. எனக்கு இது போனா ஒண்ணுமில்ல. வெளிய வந்துடுங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

லிஃப்ட் மணி அடித்தது.

உத்தமன் வெளிச்சத்தை ஒரு முறை பார்த்தான். பிறகு கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, கதவைத் தானே உள்பக்கமாக இழுத்துச் சாத்தினான்.

இருட்டு பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

"பாஸ்," என்றாள் நிக்கோல். "நான் உங்ககிட்ட வேலை செய்யறேன்னு எங்க மம்மி ஏன் ஜெபம் பண்றாங்கன்னு இப்பப் புரியுது."

"போனைப் பிடி. இடுப்பு உயரம். படுக்கையா."

கைப்பிடியில் தன் எடை முழுவதையும் போட்டுத் தொங்கினான். வெளியே யாரோ ஒரு தரம் இழுத்தார்கள். அப்புறம் இழுப்பு நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில், ஆட்கள் நின்றிருப்பார்கள். பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு எழுத்தும் கேட்கவில்லை. நிக்கோல் கோட்டைத் தேடினாள். இல்லை. இன்னும் கீழே. இல்லை. கொஞ்சம் மேலே.

திரை ஒளிர்ந்தது. கரகரவென்று அடித்தது.

"தேசிகன் பேசறேன்," என்றது போன். "உங்க கதவுக்கு முன்னாடி நிக்கறேன். நீங்க உள்ளேதான் இருக்கீங்களா?"

"தட்டிக் காட்டட்டுமா சார்?" என்றாள் நிக்கோல். "ஆனா உங்களுக்குக் கேக்காது. போன் மட்டும்தான் கேக்கும்."

தேசிகன் "லாயிட், அந்தக் கம்பியக் கீழ வை," என்று போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார். நிக்கோல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மறுபடி அவர் பேசியபோது குரல் இறங்கியிருந்தது. இவர்களிடம் பேசவில்லை.

"அன்னா, அந்தப் பள்ளம்னு சொன்னியே. ஆளுக்கு எந்தப் பக்கம் அது?"

"முதுகுப் பக்கம் சார்," என்றாள் அன்னா. "கன்ட்ரோல் ரூமுக்கு முதுகு காட்டி விழுந்து கிடந்தான்னா யாருக்கும் தெரியாது."

"பேட்ஜ் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது," என்றார் தேசிகன். "உன் கணக்கைக் கொண்டு வாம்மா. முதல்லேர்ந்து காட்டு."